76 பாயிண்ட் இருந்தும் கனடா ஏன் கூப்பிடவில்லை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோவைக்காரர், 31 வயது, பி.இ. முடித்து ஏழு வருடமாக மென்பொருள் வேலை. மனைவிக்கு 29 வயது, எம்.எஸ்ஸி., பி.எட்., மேல்நிலைப் பள்ளியில் நான்கு வருடமாகக் கணக்கு டீச்சர். ஒரு குழந்தை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை இவர் மட்டும் எழுதியிருக்கிறார்: கேட்டல் 8, படித்தல் 7.5, எழுத்து 6.5, பேச்சு 7. கனடாவில், ஸ்காபரோவில் சித்தப்பா இருக்கிறார். கன்சல்டன்ட் கணக்குப் போட்டு "67 எடுத்தால் பாஸ், உங்களுக்கு 76 சார்" என்று சொல்லி, கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் அனுமதிக்கு, அதாவது பிஆருக்கு, ப்ரொஃபைல் போட்டுக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. அழைப்பு வரவில்லை. எங்கே தப்பு?

தப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த 76 சரியான கணக்குதான், நானும் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 12, பட்டத்துக்கு 21, ஆங்கிலத்துக்கு 23, அனுபவத்துக்கு 15, சித்தப்பாவுக்கு 5. ஆனால் அது வாசலில் உள்ளே விடுவதற்கான மார்க். உள்ளே போனபிறகு வேறொரு தராசில் நிறுத்துகிறார்கள். அதற்கு சிஆர்எஸ் என்று பெயர், மொத்தம் 1200. அதில் உங்கள் எடை 349. இதை உங்கள் கன்சல்டன்ட் சொல்லாமல் விட்டாரா, சொல்லியும் நீங்கள் காதில் வாங்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. ப்ரொஃபைலைத் திறந்தால் அந்த எண் அங்கேயே இருக்கும்.

பிளஸ் டூவில் பாஸ் ஆவது வேறு, இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் ரேங்க் வாங்குவது வேறு இல்லையா, அதே கதைதான். 67 பாஸ் மார்க். சிஆர்எஸ் ரேங்க். கட்-ஆஃப் எவ்வளவு என்பது உங்கள் மார்க்கை மட்டும் பொறுத்தது இல்லை, அன்றைக்கு உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை இடம் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே மார்க்கில் பலர் நின்றால் ப்ரொஃபைலை யார் முதலில் போட்டார்களோ அவர்களுக்கு முன்னுரிமை.

ஏன் இப்படி இரண்டு தராசு வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆளின் பிறந்த நாட்டைப் பார்க்காமல் படிப்பு, வயது, மொழி, தொழில் என்று மார்க் போட்டு எடுக்கும் முறையை உலகத்தில் முதலில் கொண்டுவந்தது கனடாதான், 1967-இல். அப்போது 100-க்கு 50 எடுத்தால் போதும். 2002-இல் புதுச் சட்டம் வந்தபோது 75 ஆக்கினார்கள், அது ரொம்ப அதிகம் என்று 2003-இல் 67-க்கு இறக்கினார்கள், இன்றுவரை அதே 67. இந்த முறையின் சிக்கல் என்னவென்றால், பாஸ் மார்க் எடுத்த எல்லோருடைய விண்ணப்பத்தையும் பார்த்தே ஆகவேண்டும். வருடத்துக்கு எடுக்கப்போகிற ஆட்களைவிட பாஸ் ஆனவர்கள் பல மடங்கு. வரிசை நீண்டு லட்சக்கணக்கில் போய்விட்டது, ஐந்து வருடம், ஏழு வருடம் என்று காத்திருந்தார்கள். கடைசியில் 2012-இல் ஒரு சட்டம் போட்டு, 2008 பிப்ரவரி 27-க்கு முன்னால் விண்ணப்பித்துக் காத்திருந்த சுமார் 2,80,000 பேரின் கோப்புகளைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அத்தனை வருடம் காத்திருந்தவர்களின் வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்தது. இதில் வரிசையே கிடையாது. ஒரு குளம் இருக்கிறது, பாஸ் ஆனவர்கள் எல்லாம் அதில் மிதக்கலாம், அவ்வப்போது வலை போட்டு மேலே இருப்பவர்களை மட்டும் அள்ளுவார்கள். ஒரு வருடத்துக்குள் வலையில் சிக்காவிட்டால் ப்ரொஃபைல் காலாவதி, வேண்டுமானால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். எட்டு மாதமாகக் காத்திருக்கிறேன் என்கிறீர்களே, இந்த முறையில் காத்திருப்பதற்கு மதிப்பே இல்லை. பிறந்தநாள் வந்தால் மார்க் குறையும், அவ்வளவுதான் நடக்கும்.

சரி, 349 எப்படி வந்தது? கல்யாணமானவர்களுக்கும் தனி ஆளுக்கும் அட்டவணை வேறு வேறு. மனைவியோடு போகிறவருக்கு 31 வயதில் 90, ஒற்றைப் பட்டத்துக்கு 112. ஆங்கிலத்தில் நான்கு பிரிவுக்கும் தனித்தனி மார்க். உங்கள் கேட்டல், படித்தல், பேச்சு மூன்றும் கனடாவின் மொழி அளவுகோலில் சிஎல்பி 9 என்று சொல்கிற நிலையில் இருக்கிறது, தலைக்கு 29. எழுத்து மட்டும் 6.5 என்பதால் சிஎல்பி 8, அதற்கு 22. ஆக 109. இதுவரை 311. மிச்சம் 38 வந்த இடம்தான் விஷயம்.

சிஆர்எஸ்ஸில் சேர்க்கை மார்க் என்று ஒரு பகுதி இருக்கிறது. படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்தால் இவ்வளவு, வெளிநாட்டு அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்தால் இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுப்பார்கள், அதிகபட்சம் 100. (அவர்கள் கண்ணுக்கு கோவை வேலைதான் வெளிநாட்டு அனுபவம்.) இதில் முழுசாக வாங்க வேண்டுமென்றால் நான்கு பிரிவிலும் சிஎல்பி 9 இருக்கவேண்டும். மூன்றில் 9 இருந்து ஒன்றில் 8 இருந்தால், நான்கிலும் 7 வாங்கியவருக்கு என்ன கொடுப்பார்களோ அதேதான் உங்களுக்கும். அதனால் உங்கள் பி.இ.க்கு 25 கிடைக்க வேண்டிய இடத்தில் 13, ஏழு வருட அனுபவத்துக்கு 50 கிடைக்க வேண்டிய இடத்தில் 25. எழுத்துத் தேர்வில் அந்த அரை பேண்ட் ஏறியிருந்தால் நேரடியாக 7, இந்தச் சேர்க்கையில் 37, மொத்தம் 44 ஏறி 393 ஆகியிருக்கும். முதுகலைப் பட்டமும் மூன்று வருட அனுபவமும் உள்ள ஒரு தனி ஆளுக்கு இதே அரை பேண்ட் 58 மார்க். ஒரு பிஎச்.டி.க்கும் முதுகலைக்கும் அடிப்படை மார்க்கில் வித்தியாசம் வெறும் 15 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடம் ஆராய்ச்சி செய்து வாங்குவதைவிட நாலு மடங்கு, 6.5-ஐ 7 ஆக்குவதில் இருக்கிறது! நியாயமா என்று கேட்டால் எனக்கும் நியாயமாகத் தெரியவில்லை, ஆனால் மார்க் போடுகிறவர்கள் அப்படித்தான் அடுக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் வசதி ஐஇஎல்டிஎஸ்ஸில் இருக்கிறது, அதைக் கனடா குடிவரவுத் துறை ஏற்பதில்லை. நான்கையும் சேர்த்துத்தான் திரும்ப எழுதவேண்டும். ஜெனரல் டிரெய்னிங் தேர்வுதான் செல்லும், அகாடமிக் செல்லாது.

சித்தப்பா விஷயத்துக்கும் வருகிறேன். அந்த 67 கணக்கில் சித்தப்பா, மாமா, அத்தை, தாத்தா எல்லோருக்கும் 5 உண்டு. சிஆர்எஸ்ஸில் கூடப்பிறந்தவர்களுக்கு மட்டும்தான், 15. சித்தப்பாவுக்கு ஒன்றும் இல்லை. குழந்தைக்கும் மார்க் கிடையாது, அதற்குப் பதிலாகக் கையிருப்புப் பணம் கூடுதலாகக் காட்டவேண்டும். தனி ஆளுக்கே 15,000 கனடிய டாலர் பக்கம் கேட்கிறார்கள், ஒவ்வொரு தலைக்கும் ஏறும். அப்புறம், சித்தப்பாவின் யோசனையைக் கேட்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இருக்கிற தமிழர்களில் ரொம்பப் பேர் இலங்கைப் போரிலிருந்து தப்பி அகதியாக வந்தவர்கள், அவர்கள் அழைத்துக்கொண்ட குடும்பத்தினர். அவர்கள் வந்த வழியே வேறு. அன்பாகச் சொல்வார்கள், ஆனால் சிஆர்எஸ் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன ஆளைப் பார்ப்போம். உங்கள் மனைவி.

இருவரும் தகுதி உள்ளவர்களாக இருந்தால் யார் வேண்டுமானாலும் முதன்மை விண்ணப்பதாரராக இருக்கலாம், மற்றவர் துணை. நம் ஊரில் பெரும்பாலும் ஆம்பளை பெயரில், அதுவும் ஐடி வேலை என்றால் யோசிக்காமலே, ப்ரொஃபைல் போட்டுவிடுகிறார்கள். மனைவி பெயரில் போட்டுப் பாருங்கள். 29 வயதுக்கு 100. எம்.எஸ்ஸி.யை மாஸ்டர்ஸ் என்று இசிஏ, அதாவது பட்ட மதிப்பீடு, ஒப்புக்கொண்டால் 126. ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கிலும் சிஎல்பி 9, அதாவது கேட்டல் 8, மற்ற மூன்றும் 7, வாங்கினால் 116. சேர்க்கையில் முதுகலைக்கு 50, மூன்று வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 50. இதுவே 442. துணையாக நீங்கள் கொண்டுவருவது பட்டத்துக்கு 8, ஆங்கிலத்துக்கு 18. மொத்தம் 468. உங்கள் பெயரில் 349, அவர் பெயரில் 468, அதே வீடு, அதே குடும்பம்!

இன்னும் இருக்கிறது. 2023 ஜூனிலிருந்து வகை வாரியாகவும் வலை போடுகிறார்கள், அதாவது இன்ன தொழில்காரர்கள் மட்டும் என்று தனி டிரா. முதலில் மருத்துவத் துறை, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்), தச்சு-வெல்டிங் மாதிரிக் கைத்தொழில்கள், போக்குவரத்து, விவசாயம், ஃப்ரெஞ்ச் மொழி என்று இருந்தது. 2025 பிப்ரவரியில் போக்குவரத்தை எடுத்துவிட்டுக் கல்வித் துறையைச் சேர்த்தார்கள், பள்ளி ஆசிரியர்கள் அதில் வருகிறார்கள். அதே கையோடு ஸ்டெம் பட்டியலைச் சுருக்கி, மென்பொருள் பொறியாளர், புரோகிராமர், டேட்டா சயின்டிஸ்ட் எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டார்கள். ஐடி ஆட்கள் ஏற்கெனவே குளத்தில் நிரம்பி வழிகிறார்கள், அதனால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கல்வித் துறைக்கு 2025 மே மாதம் நடந்த முதல் டிராவில் கட்-ஆஃப் 479, செப்டம்பரில் 462. உங்கள் மனைவியின் 468-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் செய்திகளில் பார்க்கிற 520, 530 என்ற கட்-ஆஃப் உங்களுக்கானதே இல்லை. 2025-இல் 510-க்கும் 550-க்கும் நடுவில் ஓடியது கனடிய அனுபவ வகுப்பு, ஏற்கெனவே அங்கே ஒரு வருடமாவது வேலை செய்தவர்களுக்கு. கோவையில் இருப்பவர் அந்த டிராவில் எந்த மார்க் வைத்திருந்தாலும் சிக்கமாட்டார். எல்லோருக்கும் பொதுவான டிரா கடைசியாக நடந்தது 2024 ஏப்ரலில், கட்-ஆஃப் 529, அதற்குப் பிறகு 2025 முடியும்வரை ஒன்றும் இல்லை. நான் 2019-இல் வந்தபோது 450, 460 இருந்தால் உட்கார்ந்த இடத்தில் அழைப்பு வந்துவிடும், எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்துக் கதையைக் கேட்டு இப்போது முடிவெடுக்காதீர்கள். கட்-ஆஃப் எப்படியெல்லாம் ஆடும் என்பதற்கு ஒரே உதாரணம்: 2015 ஜனவரி 31 முதல் டிராவில் 886. 2021 பிப்ரவரி 13-ஆம் தேதி 75. எழுத்துப்பிழை இல்லை, எழுபத்தைந்துதான். கொரோனாவில் எல்லை மூடிக் கிடந்தது, வருட இலக்கு 4,01,000 பேர், வெளியிலிருந்து ஆள் வர வழியில்லை, அதனால் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருந்த கனடிய அனுபவ வகுப்புக்காரர்கள் 27,332 பேரை ஒரே நாளில் கூப்பிட்டுவிட்டார்கள். அதே மார்க் வைத்திருந்தவர் ஒரு வருடம் முன்னாலோ பின்னாலோ இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஃப்ரெஞ்ச் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. நான்கு பிரிவிலும் என்சிஎல்சி (ஃப்ரெஞ்சுக்கான சிஎல்பி) 7, தோராயமாக ஐரோப்பிய அளவுகோலில் பி2 நிலை, வாங்கினால், ஆங்கிலமும் ஓரளவு இருக்கும் பட்சத்தில் 50 கூடுதல், இரண்டாவது மொழிக்காக இன்னொரு 12, ஆக 62. அதைவிட முக்கியம், ஃப்ரெஞ்ச் தெரிந்தவர்களுக்கான தனி டிரா. அதன் கட்-ஆஃப் 2024 பிப்ரவரி கடைசியில் 336, 2025 மார்ச்சில் 379. உங்கள் இப்போதைய 349-இல் 62 சேர்த்தால் 411. ஆனால் பிளஸ் டூவில் மார்க்குக்காக எடுத்துப் பரீட்சை முடிந்த அன்றே மறந்த ஃப்ரெஞ்ச் இதற்கு உதவாது. ஆரம்பத்திலிருந்து பி2 என்பது வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் ஒன்றரை வருடமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், டெஃப் அல்லது டிசிஎஃப் தேர்வில் பேசியும் எழுதியும் காட்டவேண்டும். சென்னையில் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் இருக்கிறது, ஆன்லைனிலும் படிக்கலாம். உங்கள் இருவரில் யாருக்கு மொழி பிடிக்குமோ அவர் தொடங்கட்டும், மற்றவர் வற்புறுத்தவேண்டாம்.

மாகாண நியமனம், அதாவது கனடாவின் ஒரு மாகாணம் உங்களைத் தனக்கு வேண்டுமென்று தேர்ந்தெடுப்பது, கிடைத்தால் 600 மார்க், அதோடு கதை முடிந்தது. ஆனால் 2025-இல் மாகாணங்களின் ஒதுக்கீட்டைப் பாதியாக வெட்டினார்கள், அந்த வருடத்து மொத்த பிஆர் இலக்கையும் முன்பு சொன்ன 5,00,000-லிருந்து 3,95,000 ஆக்கினார்கள். கிடைத்தால் லாபம், அதை நம்பி உட்கார முடியாது.

உங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு ஏஜென்ட் "எல்எம்ஐஏ வாங்கித் தருகிறேன், 200 பாயிண்ட் ஏறும்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க கனடா முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி தொடங்கியபோது அந்த மாதிரி வேலை உத்தரவாதத்துக்கு 600 இருந்தது, 2016 நவம்பரில் வேலைக்கு ஏற்ப 50 அல்லது 200 ஆக்கினார்கள், விற்பனைச் சரக்காக மாறிவிட்டது என்று 2025 மார்ச் 25-லிருந்து அடியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது அதற்குப் பூஜ்யம். மனைவியைக் காட்டாமல் தனி ஆள் என்று போட்டால் மார்க் கூடும் என்றும் சிலர் சொல்வார்கள். பொய் சொல்லி மாட்டினால் ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. யாரிடமாவது பணம் கொடுத்துத்தான் செய்யவேண்டும் என்றால் கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகரா என்று அவர்களுக்கு உரிமம் தரும் ஒழுங்குமுறை அமைப்பின் (பெயரில்தான் 'கல்லூரி') இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

ஆஸ்திரேலியா பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கேயும் இதே இரண்டு தராசுக் கதைதான், 65 என்பது பாஸ் மார்க், பல தொழில்களில் அழைப்பு வருவது அதைவிட வெகு மேலே. ஒரே ஒரு சுவாரசியம், அங்கே சமூக மொழித் தேர்வு ஒன்று இருக்கிறது, நாட்டி சிசிஎல் என்பார்கள், ஆங்கிலத்துக்கும் இன்னொரு மொழிக்கும் நடுவே உரையாடலை மாற்றிச் சொல்லவேண்டும், தேறினால் 5 மார்க். அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. தமிழ் தெரிந்ததற்கு மார்க் கொடுக்கிற வேறு குடிவரவு முறையை நான் பார்த்ததில்லை.

காகித வேலைக்கு வருகிறேன், இதில் பலர் சறுக்குகிறார்கள். அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாள்தான், அதற்குள் எல்லாம் ஏற்றியாகவேண்டும். வேலை அனுபவக் கடிதத்தில் பதவி, தேதி மட்டும் இருந்தால் போதாது, என்னென்ன வேலை செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்று வரவேண்டும். என் பழைய கம்பெனி ஒன்று ரிலீவிங் லெட்டருக்கு மேல் ஒரு வரிகூடத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டது, கடைசியில் என் மேலாளராக இருந்தவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, சம்பளச் சீட்டு, ஃபாரம் 16 எல்லாம் சேர்த்து, ஐம்பத்தி எட்டாவது நாள் ராத்திரி ஏற்றினேன். உங்கள் மனைவியின் பள்ளியில் இந்தக் கடிதத்தை இப்போதே பக்குவமாகக் கேட்டு வாங்கி வையுங்கள், பள்ளிக்கூட நிர்வாகம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. பி.எட். சான்றிதழையும் சேர்த்தே இசிஏவுக்கு அனுப்புங்கள், எம்.எஸ்ஸி.யை ஏதோ காரணத்தால் முழு மாஸ்டர்ஸாக ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இரண்டு பட்டம் என்ற கணக்கில் 119 வரும், சேர்க்கையில் அந்த 50 போகாது. ஆசிரியர் வகையில் அழைப்பு வந்தது என்பதற்காக அங்கே போய் இறங்கியதும் வகுப்பெடுக்க முடியாது, அரசுப் பள்ளிகளில் கற்பிக்க மாகாணத்தின் ஆசிரியர் உரிமம் தனியாக வாங்கவேண்டும். ஒன்டாரியோ என்றால் அதைத் தருவது ஒன்டாரியோ ஆசிரியர் கல்லூரி என்ற அமைப்பு. பிஆர் கைக்கு வந்த பிறகு அது இன்னொரு ஓட்டம், மனைவியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செலவை எதில் போடுவது என்றால், என் கணக்கில் முதல் பணம் மனைவியின் ஐஇஎல்டிஎஸ்ஸுக்கும் இசிஏவுக்கும். அவர் முதன்மை என்றால் உங்கள் எழுத்துத் தேர்வு 6.5-லிருந்து 7 ஆனாலும் ஏறப்போவது வெறும் 2 மார்க், அதற்காக இப்போது மெனக்கெட வேண்டாம். ஆனால் தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், உங்களுடையது எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனைவியின் பிறந்தநாள் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. 30 தொடங்கும் அன்று 468 என்பது 463 ஆகிவிடும், 31-இல் 458. 2025 செப்டம்பர் கட்-ஆஃப் 462. கோவையில் தேர்வுத் தேதி கிடைக்காவிட்டால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் எழுதச் சொல்லுங்கள்.